ஐந்தாவது அச்சம்

பேய்க்கதை என்றதும் நம் சிற்றிதழ் உலகில் இரண்டு முகங்கள் தெரியும். ஒன்று, சுளிக்கும் முகம். பேய் மூடநம்பிக்கை, ஆகவே பேய்க்கதை மூட இலக்கியம் என்பது அதன் தர்க்கம். மற்றது, பூரிக்கும் முகம். 'மாய யதார்த்தம்' என்ற சொல் இங்கே வந்து இறங்கிய தொண்ணூறுகளிலிருந்து இதைப் பார்க்கிறோம்: எங்கள் பாட்டி சொல்லாததா, எங்கள் சுடலைமாடனிடம் இல்லாததா என்று கேட்கும் முகம். இரண்டு முகங்களுக்கும் அடியில் இருப்பது ஒரே அனுமானம்தான். பேயை நம்புகிற சமூகம் பேய்க்கதையை உண்டாக்கும் என்பது அது. என் அபிப்பிராயம் இதற்கு நேர் எதிரானது. பேய்க்கு இடம் இருக்கிற ஊரில் அமானுஷ்ய இலக்கியம் பிறப்பதில்லை. பேயை இடம்பெயர்த்த பிறகே அது பிறக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்து ஜெர்மன் மொழி இலக்கியம் இதற்குச் சாட்சி. நம்மிடமும் ஒரு சாட்சி உண்டு: 'காஞ்சனை'.

குஸ்தாவ் மைரிங்கின் 'கோலெம்' 1913-14இல் தொடராக வந்து 1915இல் நூலாயிற்று. களிமண்ணில் உருவம் பிடித்து உயிரூட்டிய கதை யூதர்களிடையே பழையது. 1609இல் இறந்த ப்ராக் நகரத்து ரபி லோவின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வது பிற்கால வழக்கம். மைரிங்க் அந்தக் கதையைத் திருப்பிச் சொல்லவில்லை. அவருடைய நாவலில் முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அது தெருவில் தென்படுகிறது. கதவில்லாத ஓர் அறையில் வசிப்பதாகச் சொல்கிறார்கள். அந்த அறைக்குள் போய்ச் சேர்கிறவன் அங்கே காண்பது தன்னைத்தான். இவ்வளவும் நடக்கிற ப்ராக் யூதக் குடியிருப்பு, நாவல் வெளிவந்தபோது பெரும்பகுதி தரைமட்டமாகிவிட்டிருந்தது. சுகாதாரத்தின் பெயரால் 1893இல் சட்டம் போட்டு, சந்துகளை இடித்து, அகலமான வீதிகள் போட்டுவிட்டார்கள். சில ஜெப ஆலயங்களும் மயானமும் மிஞ்சின. ஆக, கோலெம் நடமாடும் தெரு வாசகனின் காலடியில் இல்லாத தெரு. இடித்ததால்தான் அது நாவலுக்குள் வந்தது என்று சொல்வேன்.

ஆல்ஃபிரட் கூபின் 1909இல் எழுதிய 'மறுபக்கம்' இன்னும் வெளிப்படையானது. மத்திய ஆசியாவில் எங்கோ பாத்தேரா என்பவன் ஒரு கனவு ராஜ்யம் அமைக்கிறான். அதன் தலைநகரில் புதுக் கட்டடமே கிடையாது. ஐரோப்பா முழுவதிலிருந்தும் பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பெயர்த்துக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். 1860களுக்குப் பிற்பட்ட எந்தப் பொருளுக்கும் உள்ளே அனுமதி இல்லை. வேரோடு பிடுங்கி வந்த வீட்டோடு அதில் நடந்ததும் வந்துவிடுகிறது. நகரம் அழுகிச் சாகிறது.

லியோ பெரூட்ஸ் 1923இல் எழுதிய 'இறுதித் தீர்ப்பு நாளின் ஆசான்' துப்பறியும் கதை போல் தொடங்குகிறது. பூட்டிய அறைகளில் மனிதர்கள் தற்கொலை செய்துகொள்கிறார்கள். கொலையாளி வெளியே இல்லை. ஒவ்வொருவனும் தனக்குள் வைத்திருந்த அச்சமே அவனைக் கொல்கிறது. கடைசியில் ஒரு பின்னுரை வந்து, இந்த விளக்கமே கதைசொல்லி தன் குற்றத்திலிருந்து தப்பக் கட்டிய கதையோ என்று கேட்டு எல்லாவற்றையும் கலைத்துப்போடுகிறது.

இவர்கள் மந்திரவாதிகள் அல்லர். மைரிங்க் வங்கி நடத்தியவர். பெரூட்ஸ் காப்பீட்டுக் கணிதர். இவர்களுக்கு அருகில் வைக்க வேண்டிய காஃப்கா காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு எழுதியவர். எல்லாவற்றையும் கணக்கில் கொண்டுவந்துவிட முடியும் என்று நம்பிய உலகத்தின் உத்தியோகஸ்தர்கள். கணக்கில் சேராமல் மிஞ்சியதை அவர்கள் இரவில் எழுதினார்கள். 1919இல் ஃப்ராய்ட் இதே விஷயத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது, எடுத்துக்கொண்ட ஜெர்மன் சொல்லுக்குள் 'வீடு' என்ற சொல் ஒளிந்திருப்பதைக் காட்டினார். நமக்கு மிகப் பழக்கமானதாக இருந்து, அமுக்கப்பட்டு, திரும்பி வருவதே இந்தத் திகில் என்பது அவர் வாதம். கதவில்லாத அறை, பெயர்த்து நட்ட வீடு, பூட்டிய அறை: மூன்று நாவல்களிலும் பயம் வீட்டுக்குள் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நம் பக்கம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு காரணங்கள் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தமக்கு மேலான தலைவர். நான்கும் வெளியிலிருந்து வருபவை. அணங்குகூட மலையிலும் சுனையிலும் மரத்திலும் இருப்பது, போகிறவனைத் தாக்குவது. தன் வீட்டைக் கண்டு, தன்னைக் கண்டு ஒருவன் அஞ்சுவதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இறந்தவர்களைக் கையாளத் தெரிந்த சமூகத்தின் பட்டியல் அது. செத்த வீரனைக் கல்லாக்குவதற்குத் துறைகள் வகுத்து வைத்திருந்தார்கள்: கல்லைத் தேர்ந்து காண்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. சாவுக்குப் பிறகு ஒருவன் எங்கே இருப்பான் என்ற கேள்விக்கு இத்தனை ஒழுங்கான பதில்.

நான் இருக்கிற தருமபுரி மாவட்டத்தில் அந்தப் பதில் இன்றும் வயல்வரப்பில் நிற்கிறது. தகடூரை ஆண்ட அதியமானுக்கு நட்ட கல்லைப் பற்றிய ஔவையின் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அந்தக் கல் நம் கைக்கு வரவில்லை; ஆனால் அவனுக்குப் பின் வந்த சாமானியர்களின் கற்கள் ஏராளம். வட்டெழுத்தில் அரசனின் பெயர், ஆட்சியாண்டு, தொறு கவர்ந்த செய்தி அல்லது மீட்ட செய்தி, 'பட்டான்' என்ற முடிவு. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கங்களில் இப்படிப்பட்ட கற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகியும் பொங்கலும் பலியும் நிற்கவில்லை. செத்தவனுக்கு விலாசம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை பங்கு இருக்கிறது. வேறென்ன வேண்டும் அவனுக்கு?

இங்கே சொல்லப்படுகிற பேய்க்கதைகளின் அமைப்பை இது விளக்கும். ஒரு பெண்ணைப் பிடிக்கிறது. பூசாரி உடுக்கையடித்து யார் நீ, எந்த ஊர், என்ன வேண்டும் என்று கேட்கிறார். அது சொல்கிறது. ஒரு சேவல், ஒரு சேலை, ஒரு கல். கொடுத்தால் போய்விடும். கதை ஒரு வழக்கு போல நடந்து தீர்ப்போடு முடிகிறது. இதில் பயம் உண்டு, திகில் கிடையாது. கோலெம் என்ன வேண்டும் என்று சொல்வதில்லை. கேட்கத் தெரிந்த பூசாரியும் அங்கே இல்லை. நம் பாட்டிக் கதையை அப்படியே எழுத்தாக்கிவிட்டு அதற்கு மாய யதார்த்தம் என்று பெயர் வைக்கிறவர்கள் கவனிக்கத் தவறுவது இந்த வித்தியாசத்தைத்தான். தீர்ப்பாகிவிட்ட வழக்கை அவர்கள் மர்மம் என்று விற்கிறார்கள்.

ஒரு சரித்திர வினோதத்தையும் சொல்ல வேண்டும். ஐயனார், பிடாரி, அங்காளம்மன், பேய்கள் என்று நம் கிராமத்து உலகம் மிக முன்னாலேயே ஜெர்மனில் எழுதப்பட்டுவிட்டது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஸீகன்பால்கு 1713இல் 'மலபார் தெய்வங்களின் வம்சாவளி'யை எழுதி ஊருக்கு அனுப்பினார். அஞ்ஞானத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று ஹால்லேயில் அதை அச்சேற்ற மறுத்தார்கள். அது 1867இல்தான் அச்சாயிற்று, அதுவும் சென்னையில். இடையில் கிடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் ஹாஃப்மன் 'மணல்மனிதன்' எழுதி இறந்தும்விட்டார். பிறகு ஜெர்மன் எழுத்தாளர்களுக்கு இந்தியா கிடைத்த வழி வேறு. மைரிங்க் 1891இல் ப்ராக் நகரில் தொடங்கிய தியாசபிக் குழுவில் முன்னின்றவர். அந்தச் சபையின் தலைமையகம் 1882இலிருந்து நம் அடையாறு. அங்கிருந்து போனது யோகம், கர்மம், மறுபிறவி. பிடாரி போகவில்லை. அவர் நாவல்களில் வரும் தத்துவப் பகுதிகள் பல இடங்களில் வெளுத்துப்போயிருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தெருவும் அறையும் தொப்பியும் வரும்போது அவர் கலைஞர். குண்டலினி வரும்போது பிரசங்கி.

'காஞ்சனை'யை (1943) இந்த வெளிச்சத்தில் வைத்துப் படிக்க வேண்டும். புதுமைப்பித்தனுக்குப் பழைய பேய்கள் நன்றாகத் தெரியும். 'வேதாளம் சொன்ன கதை'யில் வேதாளத்தையே கேலிக்கு இழுத்தவர். மேரி ஷெல்லியின் ஃப்ராங்கன்ஸ்டைனைப் 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்தவர். ஆகவே 'காஞ்சனை'யில் அவர் செய்திருப்பது தெரிந்தே செய்தது. கதைசொல்லி ஓர் எழுத்தாளன். கதை கட்டி விற்றுப் பிழைக்கிறவன் என்று தானே சொல்லிக்கொள்கிறான். தூக்கம் வராத இரவு. எங்கிருந்தோ வாடை. மனைவிதான் பிச்சைக்கு வந்த அந்தப் பெண்ணை வீட்டில் சேர்த்துக்கொள்கிறாள். பேய் சுடுகாட்டில் இல்லை, புளியமரத்தில் இல்லை. சம்மதத்தோடு அடுக்களைக்குள் வந்துவிட்டது. கதைசொல்லி கண்டது பேயா, தூக்கம் கெட்ட மூளையின் சித்து விளையாட்டா என்பதைக் கதை தீர்க்காமல் விட்டுவிடுகிறது. நம் விமர்சகர்கள் பலர் இந்தத் தீராமையைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பயம் யாருடையது என்பது. பயம் படித்தவனுடையது. அவனுக்கு நம்பிக்கை போய்விட்டது. நம்பிக்கையோடு சேர்ந்து, என்ன செய்ய வேண்டும் என்ற அறிவும் போய்விட்டது. யார் நீ, என்ன வேண்டும் என்று கேட்கும் சடங்கு அவன் கையில் இல்லை. வேடியப்பனைக் கும்பிடுகிறவனுக்கு இந்தப் பயம் வராது. பகுத்தறிவாளனுக்கு வரவே கூடாது. இரண்டுக்கும் நடுவில், நகரத்து வீட்டில், விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறவனுக்கே வரும். தொல்காப்பியரின் நான்கோடு புதுமைப்பித்தன் சேர்த்த ஐந்தாவது இது.

அவருக்குப் பிறகு இந்த வழியில் போனவர்கள் குறைவு. வாரப் பத்திரிகைகளில் மாந்திரீகத் தொடர்கதை செழித்தது. அதைப் பற்றிப் பேச இங்கே அவசியமில்லை. நம்மிடையே எழுதுகிறவர்கள் ப்ராக்கின் மூடுபனியைத் தருவித்துக்கொள்கிறார்கள். இங்கே மூடுபனி இல்லை. ஆனால் இடித்த தெரு இங்கும் உண்டு. 1934இல் முடிந்த மேட்டூர் அணையின் நீரில் ஊர்கள் போயின; நீர் வெகுவாகத் தாழ்கிற ஆண்டுகளில் பண்ணவாடி அருகே நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைதூக்குகின்றன. நாம் அதைச் செய்தித்தாளில் படமாகப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறோம். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே வந்ததும் எழுத்து படிக்கப்பட்டு, மறந்துபோன சொந்தப் பெயர் கல்லுக்குத் திரும்பக் கிடைக்கிறது, படையல் நின்றுபோகிறது. பெயர் கிடைத்ததும் பசி தொடங்குகிற இந்த நிலையைவிட மைரிங்க் எதைக் கற்பனை செய்துவிட்டார்?

ஓர் எச்சரிக்கை அவசியம். 1919இலிருந்து 1921 வரை மியூனிக்கிலிருந்து வந்த 'ஆர்க்கிட் தோட்டம்' அமானுஷ்ய எழுத்துக்கென்றே நடந்த பத்திரிகை. அதன் ஆசிரியர் ஸ்ட்ரோபல் பின்னாளில் நாஜிகளோடு போய்ச் சேர்ந்தார். 'அல்ரவ்னே' எழுதிய எவர்ஸ் 1932இல் அவர்களுடைய தியாகி ஒருவனைப் பற்றி நாவல் எழுதிக் கொடுத்தார். அப்படியும் அவர் நூல்களை அவர்கள் தடை செய்தார்கள். ரத்தம், மண், மூதாதை என்ற சொற்கள் கேள்வியாக இருக்கும்வரை இலக்கியம். பதிலாக மாறியதும் கொடியாகிவிடும். நடுகல்லைத் தூசிதட்டி எடுத்து அவரவர் சாதிக்கு வீரனாக்கிக்கொள்ளும் ஆசை நம்மிடமும் இருக்கிறது. அதற்கு நம் கதைகள் உடுக்கையடிக்கக் கூடாது.

அப்படியானால் எதை எழுதுவது? கல் கிடைத்தவர்களை விட்டுவிடலாம் என்கிறேன். அவர்களுக்குப் பெயரும் ஆண்டும் அரசனும் இருக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் கல் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் நீட்டிக்கப்பட்டது. அரசாங்கமே தெருவில் தொட்டில் வைக்க நேர்ந்த மாவட்டம் இது. கள்ளிப்பாலிலும் நெல்மணியிலும் முடிந்த அந்த உயிர்களுக்குப் பெயர் வைக்கவில்லை. கன்னியாகச் செத்தவளுக்கும் நம் வீடுகளில் சேலை வைத்துக் கும்பிடுகிற வழக்கம் உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை. பூசாரி கேட்டாலும் இன்னார் என்று சொல்ல இவர்களிடம் பெயர் இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டால் சொல்லப் பேச்சு வரவில்லை. கொன்றது அணங்கோ விலங்கோ கள்வரோ தலைவரோ இல்லை. வீடு.

இதைப் பிரச்சாரக் கதையாக எழுதியிருக்கிறார்கள், இன்னும் எழுதுவார்கள். புள்ளிவிவரம் சொல்லி, கண்ணீர் வரவழைத்து, கடைசிப் பத்தியில் திருந்தவும் வைக்கலாம். அந்தக் கதை வாசகனை வெளியே நிறுத்திவிடுகிறது. அவன் நல்லவனாகவே வீடு திரும்புகிறான். தூக்கம் வராத இரவில், தன் வீட்டில், கேட்க முடியாத கேள்வியோடு ஒருவனைப் படுக்க வைக்கிற கதை வேறு. அதற்கான வடிவத்தை 1943இலேயே ஒருவர் தமிழில் செய்து காட்டிவிட்டார். ப்ராக்கில் இடித்த தெருவிலிருந்து எழுதியவர்களை நாம் படிக்க வேண்டியது, நம் ஊரில் கதவு வைக்காமல் விட்ட அறை எது என்று பார்ப்பதற்காக.