விக்கிப்பீடியாவை ரசித்துப் படிக்க

தமிழ் விக்கிப்பீடியாவில் ‘திண்டுக்கல்’ என்று தேடுங்கள். மலைக்கோட்டை, பூட்டு, மக்கள்தொகை என்று வேண்டியதை எடுத்துக்கொண்டு மூடிவிடுவதுதான் நம் வழக்கம். அசைன்மென்ட் எழுதும் எங்களைப் போன்ற மாணவர்களும் அதைத்தான் செய்கிறோம். இந்த முறை மூடாதீர்கள். கட்டுரைக்கு மேலே ‘வரலாற்றைக் காட்டவும்’ என்று ஓர் இணைப்பு இருக்கும், அதைத் திறங்கள். விக்கிப்பீடியாவை ரசிப்பது அங்கேதான் தொடங்குகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

தேதி, நேரம், பயனர் பெயர் என்று வரிவரியாக நீளும் பட்டியல் அது. பச்சை எண் இருந்தால் சேர்த்திருக்கிறார்கள்; சிவப்பு எண் இருந்தால் நீக்கியிருக்கிறார்கள். அந்த எண் சொற்களின் கணக்கல்ல, பைட்டுக் கணக்கு. ஒருங்குறியில் தமிழ் எழுத்துக்கு மூன்று பைட்டு, அதில் சேரும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனியாக மூன்று. ‘திண்டுக்கல்’ என்று எழுத 33 பைட்டு வேண்டும். அதே பெயருக்கு ஆங்கிலத்தில் எட்டே போதும். ஆகவே எண்ணைப் பார்த்துத் தமிழ்க் கட்டுரை பெரியது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். இரண்டு தேதிகளைத் தேர்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த வரி போனது, எந்த வரி வந்தது என்று அருகருகே வைத்துக் காட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தவை சின்னஞ்சிறு திருத்தங்கள். விட்டுப்போன ஒற்றை ஒருவர் சேர்த்திருப்பார். தவறான ஆண்டை ஒருவர் மாற்றியிருப்பார். யாரோ விளையாட்டாகத் தன் பெயரை எழுதிவிட்டுப் போனதை இன்னொருவர் துடைத்திருப்பார். சம்பளம் கிடையாது, மேடை கிடையாது. எந்த ஊரில் உட்கார்ந்து செய்தாரோ, திண்டுக்கல்லைப் பார்த்தே இராதவராகக்கூட இருக்கலாம். நம் ஊரைப் பற்றிய ஒரு வாக்கியம் பிழையின்றி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதை நினைத்தால் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. அதற்குத் தொடக்கத்திலேயே உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. இன்று கட்டுரைகள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன.

இதற்கு முன்னோடி அச்சில் உண்டு. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த கலைக்களஞ்சியம். அறிஞர்கள் எழுதி, ஆசிரியர் குழு செப்பனிட்ட மகத்தான வேலை. ஆனால் அதில் திண்டுக்கல் மாவட்டத்தைத் தேடினால் கிடைக்காது. மதுரை மாவட்டத்திலிருந்து நாம் பிரிந்தது 1985இல்தான். அச்சேறிய பக்கம் அச்சேறிய நாளோடு நின்றுவிடுகிறது. விக்கிக் கட்டுரையோ 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் ஏற்றுக்கொள்ளும். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் இரண்டின் அருமையும் கூடும்.

அடுத்து உரையாடல் பக்கம். கட்டுரையின் தலைப்பை ஒட்டியே இருக்கும். பெரும்பாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நாம் டொரண்டோ என்று எழுதுவதை ஈழத்தமிழர் ரொறன்ரோ என்று எழுதுவர். எதைத் தலைப்பாக வைப்பது? கிரந்த எழுத்து வேண்டுமா, வேண்டாமா? இத்தகைய கேள்விகளில் வருடக்கணக்கில் வாதம் நடந்திருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான பேச்சுக்கு ‘ஆலமரத்தடி’ என்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். வாதம் கடுமையாகும் இடங்களும் உண்டு. அங்கே யார் ஜெயித்தார் என்று பார்க்காமல், எதிராளியின் சான்றை ஏற்றுத் தன் வரியைத் தானே மாற்றிக்கொண்டவர் யார் என்று தேடிப் பாருங்கள். அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி தனி.

சான்றுகளையும் ரசிக்கலாம், குறைகளோடு சேர்த்தே. மலைக்கோட்டையை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605இல் கட்டினார் என்று ஒரு வரி வந்தால், அதன் முடிவில் உள்ள சின்ன எண்ணைத் தொட்டு எங்கிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள். எண்ணே இல்லையென்றால் நம்புவதைத் தள்ளிப்போடுங்கள். இந்தக் கண்டிப்பு நல்லது. ஆனால் நம் ஊரில் இது ஓர் இடத்தில் வலிக்கிறது. மாங்காய்ப் பூட்டை அரத்தால் ராவி உருவாக்கும் பட்டறைக்காரருக்கு அதன் உள்ளமைப்பு விரல் நுனியில் தெரியும். எந்தப் புத்தகத்திலும் அது இல்லையென்றால் விக்கிப்பீடியாவில் ஏற்ற முடியாது. வெளியான சான்று வேண்டும் என்பது விதி. விதியை நான் ஏற்கிறேன். இல்லாவிட்டால் யாரும் எதையும் எழுதிவிடலாம். ஆனாலும் ஒரு கட்டுரை குட்டையாக இருப்பதைப் பார்க்கும்போது, ‘சொல்ல எதுவும் இல்லை’ என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் சொல்லத் தெரிந்தவரிடம் யாரும் கேட்டு எழுதி அச்சிடவில்லை என்பதே காரணம்.

படங்களுக்கு இந்தத் தடை அவ்வளவாக இல்லை. கட்டுரையில் உள்ள படத்தைத் தொட்டால், பெரும்பாலும் அங்கிருந்து விக்கிமீடியா பொதுவகத்தில் அதற்கென உள்ள பக்கத்துக்குப் போகலாம். எடுத்தவர் பெயர், நாள், பல நேரம் கேமராவின் வகைகூட இருக்கும். எந்தெந்த மொழி விக்கிப்பீடியாக்களில் அந்தப் படம் பயன்படுகிறது என்ற பட்டியலும் உண்டு. சிறுமலைச் சாலையில் எடுத்த ஒரு படம் வேற்று மொழிக் கட்டுரைக்கும் போய்ச் சேரலாம். கீழே உரிமத்தையும் படியுங்கள். பெரும்பாலான படங்களை, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டால் நாளிதழோ பாடநூலோ நம் அசைன்மென்ட்டோ எடுத்தாளலாம். கட்டுரைகளுக்கும் அதே வழக்கம்தான். நாங்கள் வகுப்பில் சமர்ப்பிக்கும் பக்கங்களில் அந்தப் பெயர்கள் இன்னும் வருவதில்லை. இந்தப் பருவத்திலிருந்து என் பக்கங்களில் வரும்.