டேப்பட் சத்தம்

நாமக்கல் பட்டறையில் பழைய பம்ப் இன்ஜின் லாரி ‘மிஸ்’ அடித்தால், நல்ல மெக்கானிக் எடுத்ததும் எதையும் கழற்ற மாட்டார். ஐடிலிங்கில் ஓடவிட்டு, இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்துவார். இன்ஜின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது; சத்தம் மாறவே இல்லையென்றால் சோம்பேறி அதுதான்.

டேப்பட் சத்தம் வேறு ரகம். கேம்ஷாஃப்ட் இன்ஜினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் ‘டிக் டிக்’கும் பாதி வேகத்தில்தான் வரும். நீண்ட ஸ்க்ரூ டிரைவரை வால்வு கவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி அவர் கேட்கும் அழகே தனி! டேப்பட் இடைவெளி கூடினால் சத்தம். குறைந்தால் சத்தமே இருக்காது, வால்வு முழுதாக மூடாமல் கருகிவிடும். எனக்கு அந்த ஊமை டேப்பட்தான் பயம்.

காமன்ரயில் வண்டியில் மட்டும் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தொடாதீர்கள். அங்கே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டக்கூடும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.