சிரிப்பவர் யார்? தமிழ்ச் சிறுவர் நகைச்சுவைத் தொடர்களைப் பற்றி

அதியமான்கோட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்ததும், தமிழில் சிறுவர்களுக்கென்றே ஒரு சேனல் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தவை. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கொடுக்கத் தொடங்கியது. 2007 ஏப்ரலில் சுட்டி டிவி வந்தது. 2004 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த டிஸ்னி சேனல், வரும்போதே தமிழ் ஒலியையும் கொண்டுவந்திருந்தது. சன் டிவியில் 'மை டியர் பூதம்' ஓடியதும் இதே காலத்தில்தான். தர்மபுரி–சேலம் சாலையோரத்து இந்த ஊரில் 2000-க்குப் பிறகு பிறந்த ஒரு பிள்ளைக்கு, அதன் பெற்றோருக்குக் கிடைத்ததைவிடப் பல மடங்கு நகைச்சுவை வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. ஆனால் அதில் அந்தப் பிள்ளையின் தெருவோ பள்ளியோ பேச்சோ ஏறக்குறைய இல்லவே இல்லை. சிறுவர் நகைச்சுவைத் தொடர்களைக் குறை சொல்பவர்கள் வழக்கமாக அவற்றின் அசட்டுத்தனத்தைத்தான் சொல்கிறார்கள். அசட்டுத்தனம் குழந்தையின் உரிமை. தமிழில் இந்த வகையின் உண்மையான குறை, சிரிப்பு குழந்தைக்குச் சொந்தமாக இல்லாததுதான்.

முதலில் ஈர்ப்பைப் பார்க்கவேண்டும். மாறாத சில பாத்திரங்கள், மாறிக்கொண்டே இருக்கும் சிக்கல்கள், அரைமணி நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் உறுதி என்பதே இந்த வடிவம். இது வெளியிலிருந்து வந்ததென்று நினைக்கவேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையில் குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் ஒவ்வொரு கதையிலும் அதே முட்டாள்களாகவே வருகிறார்கள். ஆறும் குதிரையும்தான் மாறுகின்றன. குழந்தைக்கு இதில் கிடைப்பது முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் இன்பம். பெரியவர்கள் எந்நேரமும் திருத்திக்கொண்டே இருக்கும் ஓர் உயிர், "இவன் இப்போது இதைத்தான் செய்யப்போகிறான்" என்று தானே கண்டுபிடித்து, அது அப்படியே நடக்கும்போது அடையும் மகிழ்ச்சி சாதாரணமானதல்ல. 'மை டியர் பூத'த்தில் மூசா என்ற குட்டிப் பூதத்திடம் மந்திரம் உண்டு, உலக விவரம் கிடையாது. நிவேதா தாமஸ் உள்ளிட்டோர் நடித்த அந்தச் சிறுவர் கூட்டத்துக்கு மந்திரம் தெரியாது, உலகம் தெரியும். வல்லமை உள்ளவனுக்குக் குழந்தை சொல்லிக்கொடுக்கும் இந்தத் தலைகீழ் ஏற்பாடுதான் அந்தத் தொடரின் உயிர். அதன் வரைகலை இன்று பார்த்தால் மிக எளிமையாகத் தெரியலாம். அன்று பார்த்த பிள்ளைகள் வளர்ந்த பிறகும் மூசாவை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அதுபோன்ற சொந்தத் தயாரிப்பு சொற்பம். பெரும்பகுதியை நிரப்பியவை மொழிமாற்றத் தொடர்கள். டிஸ்னியின் 'தி சூட் லைஃப் ஆஃப் ஸாக் அண்ட் கோடி'யில் இரட்டைச் சிறுவர்கள் பாஸ்டன் நகரின் ஆடம்பர விடுதி ஒன்றில் வாழ்கிறார்கள். 2012-ல் அதை இந்தியில் 'கரண் அண்ட் கபீர்' என்று மறுபடி எடுத்தபோதும் ஆடம்பர விடுதி மும்பைக்கு இடம் மாறியதே தவிர விடுதியாகவே இருந்தது. மொழிமாற்றத்தில் ஒரு காட்சியைக் கூர்ந்து பார்த்தால் சிக்கல் விளங்கும். ஆங்கில வசனத்துக்கு அளந்து பதிந்த சிரிப்பொலி ஒலித்தடத்தில் அப்படியே கிடக்கிறது. தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருவதால், நகைச்சுவையின் முடிச்சு அவிழ்வதற்கு முன்பே திரைக்குள் இருக்கும் கூட்டம் சிரித்துவிடுகிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கவேண்டிய கணத்தை இழந்து, மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரிக்கப் பழகுகிறது. குண்டான பையன், கண்ணாடி போட்ட பெண், திக்கிப் பேசும் ஆசிரியர் என்று உடலை வைத்துச் செய்யும் கேலி பெரும்பாலும் இந்தப் பழக்கத்தின் மேல்தான் ஏறி வருகிறது. மொழிமாற்றம் முழுவதையும் தள்ளிவிடவும் முடியாது. 'டோரா' கார்ட்டூன் தொடரின் 'குள்ளநரி திருடக் கூடாது' தமிழ்ப் பிள்ளைகளின் வாயில் சொந்தப் பேச்சாகவே ஆகிவிட்டது. நல்ல குரல் கலைஞர்களால் எவ்வளவு முடியும் என்பதற்கு அது சான்று. தூரத்து உலகம் குழந்தைக்கு வேண்டும் என்ற வாதத்தையும் ஏற்கிறேன். தூரத்து உலகம் மட்டுமே கிடைப்பதுதான் என் வருத்தம்.

சொந்தமாகத் தயாரித்த இடத்தில் நடந்தது வேறு. குழந்தை பார்வையாளர் இடத்திலிருந்து எழுந்து காட்சிப்பொருள் ஆனது. இமான் அண்ணாச்சி நடத்திய 'குட்டீஸ் சுட்டீஸ்' நிகழ்ச்சியில் பேசுவது மழலை, சிரிப்பது பெற்றோர். குழந்தைக்குத் தான் சொன்னதில் என்ன வேடிக்கை என்றே பல நேரம் தெரியாது. 2022 ஜனவரியில் ஜீ தமிழின் 'ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில் இரு சிறுவர்கள் அரசனும் அமைச்சருமாக நடித்த ஒரு துணுக்கு, பணமதிப்பிழப்பை நினைவூட்டியது என்பதற்காக ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சேனலிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அரசைக் கேலி செய்யும் உரிமையைப் பற்றி அன்று நிறையப் பேசினார்கள். அந்த உரிமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2016-ல் நடந்த ஒரு பொருளாதார நடவடிக்கையைப் பற்றிய கேலி எந்தப் பிள்ளையின் சிரிப்புக்காக எழுதப்பட்டது என்ற கேள்வி எழவேயில்லை. நடிக்கும் குழந்தைக்குச் சட்டம் ஓரளவு காவல் தருகிறது: 2017-ன் விதிகளின்படி ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடைவெளியில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் வைப்பாகச் சேரவேண்டும். பார்க்கும் குழந்தைக்குக் கேபிள் தொலைக்காட்சி விதிகள் தருவது, கெட்ட வார்த்தையும் அப்பட்டமான வன்முறையும் கூடாது என்ற அளவுக்குத்தான்.

நல்ல கருத்தைச் சேர்த்துவிட்டால் குறை தீரும் என்று நினைப்பவர்கள் உண்டு. 'சக்திமான்' தொடரின் நாயகன் ஒவ்வொரு முறையும் கடைசியில் அறிவுரை சொன்னார். பிள்ளைகள் நினைவில் வைத்திருப்பது அவர் சுழன்று பறந்ததைத்தான். அமெரிக்காவில் 1990-ல் சிறுவர் தொலைக்காட்சிச் சட்டம் வந்தபின், பள்ளிக்கூட நகைச்சுவைத் தொடர்களையே கல்வி நிகழ்ச்சி என்று கணக்குக் காட்டின சில நிறுவனங்கள். உபதேசத்தைச் சட்டமாக்கினால் கணக்குத்தான் சரியாகும். குழந்தையின் வாழ்க்கையைக் கதையின் தளமாக எடுத்துக்கொண்டால் கருத்தைத் தனியாகத் தைக்கவேண்டியதில்லை. தாயும் தந்தையும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்க, பாட்டியோடு இருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் தர்மபுரி மாவட்டத்தில் ஏராளம். கண் தெரியாத பாட்டி, எல்லாம் தெரிந்த பேத்தி, ஞாயிறுதோறும் வரும் போன், தவணைக்காரர், சத்துணவு அமைப்பாளர் என்று நிலையான பாத்திரங்களும் தீராத சிக்கல்களும் அங்கே ஆயத்தமாக இருக்கின்றன.

இதை எப்படிச் செய்வது என்பதற்கு முன்மாதிரியும் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. தர்மபுரி வட்டாரத்தில் இன்றும் ஆடப்படும் பாரதக் கூத்தில் திரைக்குப் பின்னால் நிற்கும் அரசனை முதலில் விசாரிப்பவன் கட்டியங்காரன் என்ற கோமாளி. "நீ யார், எந்த ஊர்?" என்று அவன் ஊர்ப் பேச்சில் கேட்க, அரசன் செந்தமிழில் தன் பெருமையைப் பாடவேண்டும், பாடி முடித்ததும் இவன் அதை வேண்டுமென்றே தவறாகப் புரிந்துகொண்டு உள்ளூர் ரேஷன் கடைக்கும் பஸ்ஸுக்கும் இழுத்து வருவான். முன்வரிசையில் குந்தியிருக்கும் பிள்ளைகளுக்குத் துரியோதனனைவிட இவன் நெருக்கம், ஏனென்றால் அதிகாரத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் அவர்கள் மொழியில் நிற்பவன் இவன் ஒருவன். எப்போது சிரிக்கவேண்டும் என்று இங்கே ஒலித்தடம் சொல்வதில்லை. கூட்டம் சிரித்தால் கட்டியங்காரன் அந்த இடத்தில் நின்று இன்னும் இரண்டு வார்த்தை சேர்க்கிறான்.

இனி பணத்தின் கேள்வி. விளம்பரத்தை நம்பித்தான் சிறுவர் நிகழ்ச்சி பிழைக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு மெலிந்தது என்பதைப் பிரிட்டன் காட்டியது. கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்ட விளம்பரங்களைச் சிறுவர் நிகழ்ச்சிகளில் தடுக்கும் ஏற்பாடு 2006-ல் உறுதியான அதே ஆண்டில் அந்நாட்டின் ஐடிவி தொலைக்காட்சி நிறுவனம் தன் சிறுவர் தயாரிப்புப் பிரிவை மூடியது. இப்போது பிள்ளைகள் கைப்பேசிக்குப் போய்விட்டார்களே என்பதும் சரியான எதிர்வாதம்தான். ஆனால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் துண்டுத் துணுக்குகள். வாரந்தோறும் திரும்பி வரும் ஒரு பாத்திரத்தோடு வளரும் பழக்கத்தை அவை தருவதில்லை. விளம்பரக் கணக்குக்கு வெளியே, தமிழ்நாடு அரசின் கையிலேயே 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வி தொலைக்காட்சி இருக்கிறது. கொரோனா காலத்தில் பாடங்களை வீட்டுக்குக் கொண்டுசேர்த்த அனுபவம் அதற்கு உண்டு. அதில் வாரத்துக்கு அரைமணி நேரம், பாடத்திட்டத்தோடு கட்டிப்போடாமல், தர்மபுரியின் கூத்துக் கலைஞர்களையும் இளம் எழுத்தாளர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து எழுதும் ஒரு தொடருக்கு ஒதுக்கவேண்டும். முதல் பிரதியைப் படித்துச் சரிபார்க்கும் பொறுப்பை அதிகாரிகளிடம் கொடுப்பதற்கு முன், அதியமான்கோட்டை போன்ற ஓர் ஊரின் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டி, அவர்கள் சிரிக்காத இடங்களை அடிக்கவேண்டும்.