கண்டக்டர் என்ன வாசிப்பார்?

வேலூர் லாங் பஜாரில் 'கண்டக்டர்' என்றால் விசில் ஊதி டிக்கெட் கிழிக்கிறவர்தான். சிம்பனிக்கும் ஒரு கண்டக்டர் உண்டு என்றால், 'அவரு என்ன வாசிப்பாரு?' என்று கேட்பார்கள். எதையும் வாசிக்க மாட்டார் என்பதே பதில். இந்தக் கேள்வியை அப்பாவித்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு விருப்பமில்லை. நம் மேளக் கச்சேரியில் தாளம் போடுகிறவரை யாரும் தலைவராக எண்ணுவதில்லை.

மேற்கில் கதை வேறு. புடாபெஸ்டில் பிறந்த ஃபிரிட்ஸ் ரைனரும் (1953–62) ஜார்ஜ் ஷோல்டியும் (1969–91) சிகாகோவில், ஜார்ஜ் ஸெல் கிளீவ்லாந்தில், யூஜின் ஓர்மாண்டி ஃபிலடெல்ஃபியாவில் என்று, அந்த இசைக்குழுக்களின் அடையாளமாகவே ஆனார்கள். இசைத்தட்டு உறையில் பீத்தோவனுக்குச் சமமாக நடத்துனர் பெயரும் நிற்கும். நூறு பேரின் உழைப்பின் மீது, ஒலி எழுப்பாத ஒரு கை செலுத்தும் அதிகாரம் அது. வெறும் அதிகாரம் என்றும் சொல்லிவிட முடியாது. எழுதிய பிரதியை வாசித்து, அதன் வேகத்தையும் கனத்தையும் தீர்மானிக்கிற வேலையும் அதுதான்.

நம்மிடம் நடந்தது தலைகீழ். 2005இல் வெளிவந்த இளையராஜாவின் 'திருவாசக'த்தை வாசித்தது புடாபெஸ்ட் சிம்பனி இசைக்குழு. நடத்தியவர் லாஸ்லோ கோவாச். நம் ரசிகர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைச் சொல்வார்கள்? 2025 மார்ச் 8 அன்று லண்டனில் 'வேலியன்ட்' சிம்பனிக்குக் கோல் பிடித்த மிகெல் டாம்ஸின் கதியும் இதுதான். அங்கே எஜமான், இங்கே கூலியாள்.

பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர் எழுதித் தர, ஐரோப்பியக் குழு அதை வாசித்தது வரலாற்றில் சின்ன விஷயமல்ல. ஆனாலும் 'மையம் கவிழ்ந்தது' என்று கொண்டாட மனசு வரவில்லை. நாற்காலி அதேதான்; உட்கார்ந்திருக்கிறவர்தான் வேறு. மேதை ஒருவரே என்ற கதையாடல் மற்ற கைகளை மறைத்துவிடுகிறது.

தோல் பதனிடும் மாவட்டங்களில் இருந்துகொண்டு இசை கேட்கிறவர்களுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. மிருதங்கத்துக்குத் தோல் போடுகிறவர்களைச் சபாக்கள் பேசியதில்லை, 2020இல் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்தது. கோவாச்சும் அந்தத் தொழிலாளியும் ஒன்றல்ல. ஒருவர் பெயரை மறைத்தது நம் அலட்சியம். மற்றவர் பெயரை மறைத்தது சாதி. ஆனால் ஒலிக்கு ஒரே உடைமையாளர்தான் என்று நம்பும் நம் காது இரண்டுக்கும் வசதி செய்து தருகிறது. நம் இசை விமர்சனம் ராகத்தை அலசுவதற்கு முன்னால் அந்தக் காதை விசாரிக்கட்டும்.