போதனையும் வாசிப்பும்

ஒரு மார்கழிக் காலை. மகாராஜபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸுக்காக நிற்கிறேன். கோவில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. பக்கத்தில் ஒரு மாணவி, ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்து, நாச்சியார் திருமொழிக்கான ‘சொல்லும் பொருளும்’ ஒப்பித்துக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே ஆண்டாள்தான் என்பது அவளுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. போகிற ஊரும் ஆண்டாளின் ஊரே.

ஒலிபெருக்கிக்கும் புத்தகத்துக்கும் இடையில் ஒரு சுவர் இருக்கிறது. அரசியல் சட்டத்தில் அதன் எண் 28. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. உதவி பெறும் பள்ளியில் கட்டாயப்படுத்தக் கூடாது. இந்தச் சுவர் அவசியமானது என்றே நினைக்கிறேன். ஆனால் சட்டம் தடுத்தது போதனையை, வாசிப்பை அல்ல. கோத்தாரி கமிஷன் (1964–66) மதத்தைப் போதிப்பதையும் மதங்களைப் பற்றிக் கற்பிப்பதையும் தெளிவாகப் பிரித்தது. 2002இல் உச்ச நீதிமன்றமும் அந்த வித்தியாசத்தை ஏற்றது. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போக ஆளில்லை.

நான் படித்தது உதவி பெறும் மிஷன் பள்ளி ஒன்றில். வாரத்தில் ஒரு மணி நேரம் கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாடத்துக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு நீதிபோதனை. அந்த நேரத்தைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டு பாக்கிப் பாடத்தை முடிப்பார். யாரும் வருந்தவில்லை. இங்கே மதம் வகுப்பிலிருந்து வெளியேறி, நிர்வாகத்தில் உட்கார்ந்துகொண்டது. 1973இல் தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தபோது, சிறுபான்மை நிர்வாகங்கள் தம் உரிமைக்காக நீதிமன்றம் போயின. நியாயமான வழக்குதான். ஆனால் பள்ளிக் குழு யாருடையது, நியமனம் யார் கையில் என்ற விவாதத்தில், பிள்ளை எதை, எப்படி வாசிக்கிறது என்ற கேள்வி எழவே இல்லை.

இலங்கையில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது மிஷன் பள்ளிகளுக்குப் பதிலாக. பின்னால் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் பள்ளிகளை நடத்தியது. 1960, 61ஆம் வருஷச் சட்டங்கள், உதவி பெற்ற பள்ளிகளில் பெரும்பாலானவற்றை மிஷன், சைவம் என்ற பேதமில்லாமல் அரசிடம் சேர்த்தன. நிர்வாகம் போயிற்று, சமயம் போகவில்லை. அவரவர் சமயத்தை அரசே பாடமாக நடத்தியது. சாதாரண தரப் பரீட்சையில் அது கட்டாயம். 1990இல் மன்னாரிலிருந்து வந்து முகாமில் தங்கிவிட்ட ஒருவர் எங்கள் கவுண்டருக்கு வருவார். ஒருநாள் சொன்னார்: “சமயத்துக்கு எண்பது புள்ளி எடுத்தனான் தம்பி. தேவாரத்தில என்ன இருக்கெண்டு இப்பதான் யோசிக்கிறன்.”

ஒரு தேசம் நிர்வாகத்தை விட்டுவைத்துப் போதனையை விலக்கியது. இன்னொன்று நிர்வாகத்தை எடுத்துக்கொண்டு போதனையைப் பரீட்சையாக்கியது. இரண்டிலும் மிஞ்சியது மதிப்பெண். 2020 தேசியக் கல்விக் கொள்கை ‘விழுமியங்கள்’ என்கிறது. விழுமியம் பட்டியலாகிவிட்டால் அதுவும் நீதிபோதனை வகுப்புதான். கணக்கு வாத்தியார் காத்திருக்கிறார்.

கல்வித் துறையைத் திட்டுவது சுலபம். நாம் என்ன செய்தோம்? நம் பத்திரிகைகளும் தமக்குள் ஒரு 28ஆம் ஷரத்தை எழுதிக்கொண்டன. பக்திக் கவிதை என்றால் ஒன்று பஜனை, இல்லை பழமைவாதம். எலியட்டின் கிறிஸ்தவத்தை மரியாதையோடு விவாதித்த நானே, பஸ் ஏறினால் முக்கால் மணியில் சேரும் ஊரில் எழுதிய பெண்ணைப் பற்றி இதுவரை ஒரு பக்கம் எழுதியதில்லை. பி.ஏ.யில் ஜான் டன்னின் சமய சானெட்டுகளுக்கு நான் எழுதிய விடையில் விசுவாசம் பற்றிப் பேச்சில்லை; படிமம், தொனி, முரண் பற்றித்தான். அந்த மரியாதையை டன்னுக்குக் கொடுத்து ஆண்டாளுக்கு மறுத்தது எந்தச் சட்டமும் அல்ல.

நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். முதலில் வாசிக்க வேண்டும். அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்ல நினைத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.