இரு வெம்மை: பாலையும் புழுக்கமும்

பாலைத்திணைச் செய்யுட்களைப் பயிலும் மாணவர் பலர், 'பாலைவனம்' என்னும் இக்கால வழக்கை மனத்திற்கொண்டே அவற்றுட் புகுகின்றனர். தார், சகாரா முதலிய பெரும் மணற்பரப்புகள் அவர்தம் கண்முன் நிற்கின்றன. அது பொருந்தாது என ஆசிரியர் திருத்துவர். தொல்காப்பியர் பாலைக்கு நிலம் வகுத்திலர். வேனிலும் நண்பகலும் எனப் பொழுதே வகுத்தனர். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என இளங்கோவடிகளும் காடுகாண் காதையில் தெளிவுறுத்தினார். திருத்தம் முறையானதே. ஆயின் அத்திருத்தத்தோடு ஓர் உண்மையும் கழிந்துபோகின்றது என்பது எம் கருத்து. நிலத்தால் பாலை பாலைவனம் அன்று. வெம்மையின் இயல்பால் அதற்கு உறவுடையதே. பாலையின் வெம்மை வறள்வெம்மை. அதனின் வேறாகிய ஈரவெம்மை ஒன்று உண்டென்பதையும் சான்றோர் அறிந்திருந்தனர். அறிந்தும் அதனைப் பாலையின் அடையாளம் ஆக்கினாரல்லர்.

இவ்விரு வெம்மையையும் ஒரே ஊரில் கண்டறிய விரும்புவார் ஆரப்பாளையத்திற்கு வரலாம். மதுரை மாநகரின் மேலைப் பகுதியில், வைகையின் தென்கரையை அடுத்துள்ளது அவ்வூர். சித்திரை, வைகாசித் திங்களில் ஆற்றுமணல் காய்ந்து கிடக்கும் பிற்பகலில் அங்கு நிற்பார்க்கு வியர்வை தோன்றுவதே தெரியாது. தோன்றிய அளவில் உலர்ந்துவிடும். நா வறளும், உதடு வெடிக்கும். கடல் தொலைவில் உள்ளது. மேற்கிலிருந்து வரும் காற்றோ மலைத்தொடருக்கு அப்பால் தன் நீரைச் சொரிந்துவிட்டு வறிதாய் இறங்குகின்றது. இது வெளியிலுள்ள வெம்மை. ஆரப்பாளையத்திற்கு அண்மையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி நிறுவனத்தார் எழுப்பிய பஞ்சாலையை மதுரை மக்கள் நன்கறிவர். பருத்திநூல் வறண்ட காற்றில் எளிதில் அறும். ஆதலின் நூற்பாலைகளின் உள்ளே காற்றை ஈரமாக்கி வைப்பது தொழில்முறை. அங்ஙனம் ஈரமாக்கிய கூடத்தில் வேலை செய்வார்க்கு வியர்வை வழியும், உலராது. மதிலுக்கு வெளியே வறள்வெம்மை, உள்ளே புழுக்கம்.

வெப்பமானி இவ்விரண்டனையும் வேறுபடுத்திக் காட்டாது. உடலைக் குளிர்விப்பது வியர்வை சுரத்தல் அன்று, அது உலர்தலே ஆகும். லங்காசயர் நெசவுக்கூடங்களில் ஈரத்திற்கு வரம்பிட 1889இலேயே இங்கிலாந்தில் சட்டம் செய்தனர். மனிதன் வெப்பத்தைத் தாங்கும் எல்லையை உலர்ந்த வெப்பமானியைக் கொண்டன்றி, ஈரத்துணி சுற்றிய குமிழையுடைய வெப்பமானியைக் கொண்டே அறிதல் வேண்டும் என ஹால்டேன் 1905இல் காட்டினார். ஒரு கணக்குக் காண்போம். சென்டிகிரேடு 40 பாகை வெப்பமும் நூற்றுக்கு 20 ஈரப்பதமும் உள்ள உள்நாட்டுப் பகலில் ஈரக்குமிழ் ஏறத்தாழ 23 பாகை காட்டும். 34 பாகை வெப்பமும் நூற்றுக்கு 75 ஈரப்பதமும் உள்ள கடற்கரையில் அஃது ஏறத்தாழ 30 பாகைக்கு உயரும். குறைந்த வெப்பமே கூடுதலான துன்பம் தருகின்றது. ஈரக்குமிழ் 35 பாகையே உயிர் தாங்கும் எல்லை என 2010இல் கணித்தனர்; 2022இல் வெளிவந்த ஆய்வோ, இளைஞர்க்கும் அவ்வெல்லை 31 பாகையை ஒட்டியே அமைகின்றதென்றது. வறள்வெம்மை கொல்லாது என்பது இதன் பொருளன்று. இராசத்தானத்துப் பலோடியில் 2016 மே 19ஆம் நாள் வெப்பம் 51 பாகையை எட்டியது. அத்தகைய இடத்தில் நீர் கிடையாமையே கூற்றம்.

ஆதலின் இருவகை வெம்மைக்கும் மருந்து வேறாகின்றது. வறள்வெம்மைக்கு மருந்து நீரும் நிழலும். புழுக்கத்திற்கு மருந்து காற்று. உடலின் மேற்றோல் ஏறத்தாழ 35 பாகை வெப்பமுடையது. அதனினும் மிக வெய்தாய், நீரற்று வீசும் காற்று உடலைத் தணியாது, வாட்டும். காற்று ஓரிடத்துப் பகையாகவும் ஓரிடத்து நட்பாகவும் நிற்பதே இவ்வேறுபாட்டை அறியும் உரைகல். இவ்வுரைகல்லைக் கொண்டு செய்யுட்களை நோக்குவோம்.

அகநானூற்றில் ஒற்றை எண் பெற்ற இருநூறு பாட்டும் பாலை. குறுந்தொகை முதலியவற்றின் பாலைப் பாட்டுகளையும் இவற்றோடு சேர்த்துக் காணின், மீண்டும் மீண்டும் வருவன உலர்ந்த பொருள்களே: நீரற்ற சுனை, இலையுதிர்ந்த மரம், வெடித்த நிலம், மரப்பட்டையை உரிக்கும் களிறு. குறுந்தொகை 37இல் பெருங்கடுங்கோ காட்டும் வேழம் யாமரத்தைப் பிளப்பது பிடியின் பசி தீர்த்தற்கு. கலித்தொகை 11இல் கலைமான் தன் உடல் நிழலையே பிணைக்கு அளிக்கின்றது. அன்பு ஈண்டு நிழலாகவும் உணவாகவும் வெளிப்படுகின்றது. காற்றோ அங்குப் பகை. குறுந்தொகை 39இல் ஔவையார் வெவ்விய கடுங்காற்று மோத உழிஞ்சிலின் முற்றிய நெற்று ஒலிப்பதைப் பாடினார். நெற்று ஒலிக்க வேண்டுமாயின் அது சருகாய் உலர்ந்திருத்தல் வேண்டும். ஈரக்காற்றில் அவ்வொலி எழாது. 'கோடை' என்னும் சொல்லையும் கருதுக. பெரும்பொழுது ஆறனுள் அப்பெயர் இல்லை. சங்கச் செய்யுட்களில் அது மேல்காற்றின் பெயராக வழங்குகின்றது. இன்று நாம் பருவத்தின் பெயராக வழங்கும் சொல் அவ்வெங்காற்றையும் சுட்டியதென்பது பலர் நினைவில் இல்லை.

இனிப் புழுக்கம். புழுங்குதல் என்பது ஆவியில் வேகுதல். புழுங்கல் அரிசி என்னும் வழக்கு இன்றும் அதனைக் காட்டும். பொறாமையால் மனம் புழுங்குதலும் அதன் வழிவந்ததே. வெளியேற வழியற்ற வெம்மை என்பதே இச்சொல்லின் உயிர். அகநானூறு 136 மருதப் பாட்டு. விற்றூற்று மூதெயினனார் பாடியது. ஊடிய மனைவியின் முன் நிற்கும் தலைவன், தன் திருமண இரவை நெஞ்சிற்கு எடுத்துரைக்கின்றான். புத்தாடையால் மெய் முழுதும் போர்த்திருந்தாள் அவள். அவளது நெற்றி வியர் காற்றில் ஆறும்படி ஆடையைச் சிறிது திறக்குமாறு அவன் வேண்டினானாம். ஆண்டு 'புழுக்கு' என்னும் சொல்லே ஆளப்படுகின்றது.

இங்கே ஒரு தடை எழும். அப்புழுக்கம் பருவத்தால் வந்ததன்று, போர்வையால் வந்தது. தலைவன் கூற்றும் முகங்காணும் விருப்பத்தை மறைக்கும் சூழ்ச்சியே. அதனைக் கொண்டு வெம்மையின் இயல்பை நிறுவலாகுமோ? தடை வலியுடையதே. எனினும் அதுவே எம் கருத்திற்கு அரண் செய்கின்றது. போர்வை வியர்வையை உலரவிடாது. ஈரக்காற்றும் அதனையே செய்கின்றது. மேலும், புழுக்கத்திற்குக் காற்று மருந்து என்பது இருவரும் ஒப்பிய உண்மையாக இல்லையேல் அச்சூழ்ச்சி செல்லுமோ? இதே வேண்டுகோளைப் பாலைச் சுரத்தில் உடன்போகும் தலைவியை நோக்கி ஒருவன் கூறின் அது நகைப்பிற்கிடமாகும். பாலையில் வியர்வையைப் பாடியோர் இலர் என யாம் கூறோம். உடன்போக்கில் தலைவியின் நெற்றி வியர்த்தலைப் பாடியோர் உளர். அவ்வியர் நடந்த வருத்தத்தைக் காட்டுவது, புழுக்கத்தைக் காட்டுவதன்று.

சிலப்பதிகாரம் இவ்விரண்டனையும் ஒரே இணையரின் வாழ்வில் வைத்துக் காட்டுவது வியக்கத்தக்கது. மனையறம்படுத்த காதையில் கடற்கரைப் பட்டினமாகிய புகாரில் சாளரத்தின் வழியே தென்றல் நுழைகின்றது. கோவலனும் கண்ணகியும் நிலாமுற்றத்திற்கு ஏறுகின்றனர். உப்பங்காற்று வீசும் ஊரில் மாடம் சமைத்தோர் காற்றுக்கு வழி விட்டமை இயல்பே. அவ்விருவரே மதுரைக்குச் செல்லும் வழியில் கதிரின் வெம்மை தாங்காது பகலை விடுத்து இரவில் நிலவொளியில் நடக்கின்றனர்.  பகல் முடிந்தால் வெம்மை தணியும் என்பது வறள்நிலத்தின் இயல்பு. புழுக்கமுள்ள நாட்டில் இரவும் ஆறுதல் தாராது. இரவுநடை ஆங்குப் பெரும்பயன் விளைக்காது. பின்னர்ப் புறஞ்சேரி இறுத்த காதையில், மதுரை எவ்வளவு தொலைவு எனக் கோவலன் வினவ, பாணர் காதத்தைக் கூறாது மதுரைத் தென்றல் வந்துவிட்டதெனக் காட்டுகின்றனர். பாலை முடிந்ததை அடிகள் காற்றின் வாயிலாகவே அறிவிக்கின்றார் என்பது எம் துணிபு. நறுமணத்தைப் புகழும் வருணனை என்ற அளவில் இப்பகுதியைக் கடந்து செல்வது அடிகளின் நுட்பத்திற்குக் குறை செய்வதாகும்.

எனினும் மதுரை முழுதும் புழுக்க நாடு அன்று. ஆரப்பாளையத்திற்குக் கிழக்கே, சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது அடியார்கள் தோற்பையில் நீர் நிறைத்துப் பீய்ச்சுகின்றனர். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். வறண்ட காற்றுள்ள ஊரிலேயே உடல்மேற் பட்ட நீர் விரைந்து உலர்ந்து குளிர்ச்சி தரும்; கடற்கரையில் அதே நீர் மேலும் பிசுபிசுப்பையே தரும். மதுரைக்காஞ்சி பாடும் மதுரை வீடுகளோ காற்று இசைக்கும் பல சாளரங்களை உடையன. நீரும் காற்றும் இரண்டும் இவ்வூர்க்கு வேண்டியிருந்தன. பாண்டியன் உக்கிரப்பெருவழுதி தொகுப்பிக்க மதுரை உருத்திரசன்மர் அகநானூற்றைத் தொகுத்தபோது பாலைக்குப் பாதி இடம் ஒதுக்கினார். அவ்வொதுக்கீட்டைத் திணை மரபு கொண்டு மட்டும் விளக்குவோர், அவர் வாழ்ந்த ஊரின் வேனிலையும் உடன்வைத்து ஆராய்தல் தகும்.