மலையகம் குறிஞ்சி நிலமா?

மலையக இலக்கியத்தைப் பற்றிப் பேசப் புகுவோருட் பலர், 'குறிஞ்சி மணம் கமழும் இலக்கியம்' என்று அதனை வருணித்தே தம் பேச்சைத் தொடங்குகின்றனர். மலர் வெளியிடுவோரும் விழா எடுப்போரும் இப்பெயரை விரும்பிச் சூட்டுகின்றனர். எழுத்தாளர் சிலரின் புனைபெயரிலும் அது இடம்பெற்றுவிட்டது. பாடசாலைகளில் ஐந்திணை கற்பிக்கும்போது குறிஞ்சிக்கு நுவரெலியாவை உதாரணங் காட்டி அப்பாற் செல்லும் வழக்கமும் உண்டு. பார்வைக்கு இது தீங்கற்ற உவமை. ஆனால் உவமை ஒன்று விமரிசன அளவுகோலாக மாறும்போது, அது எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என நாம் வினவவேண்டியவராகின்றோம்.

பழந்தமிழ்த் திணைமரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, தொழில் முதலியன அந்நிலத்திற் கருக்கொள்வன. மலையகத்தில் அவ்வாறு நிலத்திற் கருக்கொண்டது யாது? தேயிலையா? அது சீனத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த செடி. மூலதனமா? அது பிரித்தானியாவிற் திரண்டது. மக்களா? அவர்கள் திருச்சி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் துரத்த வந்தவர்கள். தினைப்புனங் காத்த குறமகள் தன் குடும்பத்து விளைச்சலுக்காகக் கிளி ஓட்டினாள். கொழுந்து பறிப்பவளின் கூடையோ தராசுக்குச் செல்கின்றது. அதன் நிறையைச் சொல்பவன் வேறொருவன். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' நம் சிறுகதை வரலாற்றில் நிலைத்து நிற்பதற்குக் காரணம், மலையின் அழகை விடுத்து அந்தக் கூடையையும், அதன் நிறையையும், அந்நிறையோடு பிணைந்த ஒரு தொழிலாளிப் பெண்ணின் மானத்தையும் அது பொருளாகக் கொண்டமையே.

இனி வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமைக்கு ஆவணங் காட்டவியலாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரிய நிலமெனக் கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப்பயிர் செய்துவந்த கண்டிய விவசாயியிடம் ஆவணம் ஏது? ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் அந்நிலம் விலைபோயிற்று. வாங்கியோருள் ஆட்சியின் உத்தியோகத்தர்களும் இருந்தனர். காடு அழிந்து கோப்பித் தோட்டங்கள் எழுந்தன.

கோப்பிக்குப் பருவம் உண்டு. ஆதலால் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியாகக் கால்நடையாய் மலையேறிய தொழிலாளர், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். வழியில் மாண்டோர் பலர். அக்காலத் தொழிலாளிக்கு மலை ஒரு தங்குமிடம் மட்டுமே. ஊர் அக்கரையில் இருந்தது. 1869இல் கோப்பி இலையிற் கண்ட நோய், இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரையே வீழ்த்திற்று. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, நூற்றாண்டு முடியுமுன் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டும். பெண்ணின் கை வேண்டும், பிள்ளையின் கையும் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக மக்கள் லயங்களிற் குடியமர்த்தப்பட்டனர். கங்காணியின் கடனும் துண்டுமுறையும் அவர்களைத் தோட்டத்தோடு பிணித்தன. துண்டுமுறை 1921இல் ஒழிக்கப்பட்டபோது தோட்டத்திற் பிறந்து தோட்டத்தில் இறந்த தலைமுறைகள் உருவாகிவிட்டன.

இதனை இங்கு விரித்ததற்குக் காரணம் உண்டு. ஒரு செடி நோயுற்று மற்றொரு செடி அதன் இடத்தைப் பிடித்தது. வந்துபோன கூட்டம் ஒரு சமூகமாயிற்று. காமன் கூத்தும் மாரியம்மன் திருவிழாவும் இம்மலையில் வேர்கொள்ள இடமளித்ததும், 'இது என் மண்' என்னும் உணர்ச்சிக்கு வித்திட்டதும் இந்த மாற்றமே. இம்மாற்றத்தை அறியாது மண்வாசனையைப் பற்றிப் பேசுவது மூக்கின் வேலையேயன்றி மூளையின் வேலையன்று.

இதனை முதலில் உணர்ந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றஞ் சென்ற அவர், மறு ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தம் மக்கள் நாடற்றவராக்கப்பட்டதைக் கண்கூடாகக் கண்டவர். 1954இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையைச் சக்தி அ. பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கினார். அக்கவிதையிற் தேயிலைத் தூரின் அடியில் உழைத்தோரின் உடல்கள் கல்லறையின்றிப் புதைந்து கிடக்கின்றன. மலையின் பசுமை எதனால் ஆனது என்ற உண்மையை இதனினும் கூர்மையாகச் சொன்ன வேறொரு படைப்பை நாம் கண்டிலோம். கோகிலம் சுப்பையாவின் நாவலுக்குத் 'தூரத்துப் பச்சை' (1964) என்று பெயர். கண்ணுக்குக் குளிர்ச்சியான அப்பச்சையை அருகிற்சென்று காண் என்று அத்தலைப்பே அழைக்கின்றது. இவர்கள் கற்பித்த பார்வைக்குப் பின்னரும் குறிஞ்சி என்ற திரையை விமரிசகர் எடுத்து வருவதுதான் வியப்பு.

இத்திரையின் பெருந்தீங்கு, மாற்றத்தை மறைப்பதாகும். திணை நிலையானது, தேயிலை மலையோ ஒருபோதும் நிலையாக இருந்ததில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனவும், 3,00,000 பேரை இலங்கைக்கு எனவும் எண்ணிக்கையாற் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் மீண்டும் பங்கிடப்பட்டனர். அவ்வாறு சென்றோர் பலர் நீலகிரியில் இன்னொரு தேயிலைத் தோட்டத்தில் இறங்கினர். 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்கு அஞ்சியோர் வன்னிக்குச் சென்று காடு வெட்டினர். இவர்களை எத்திணையில் அடக்குவது? 1975இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 மே மாதம், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் டெவன் தோட்டத்திற் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். 1992இல் முகாமை மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. கவிஞர் வேலுப்பிள்ளையின் தலவாக்கலையில், 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டம் சென்கிளயர் அருவியின் நீரைச் சுரங்கத்துக்குத் திருப்பிவிட்டது.

இன்று நாட்டின் தேயிலையிற் பெரும்பகுதி சிறுதோட்டங்களின் விளைச்சல். அவற்றுள்ளும் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பகுதிச் சிங்களக் குடியானவரின் காணிகளே மிகுதி. பெருந்தோட்டங்களிற் கவனிப்பாரற்ற மலைகள் மீண்டும் காடாகின்றன. கொழுந்து மலையிற் குளவிக்கொட்டுக்கு ஆளாகி மாள்வோரின் செய்தி பத்திரிகைகளில் வழமையாகிவிட்டது. சிறுத்தை வந்து போவதும் புதுமையன்று. (திணை நூலார் மகிழலாம்: குறிஞ்சிக்குரிய விலங்கு திரும்பியுள்ளது!) இளைஞரோ கொழும்பின் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மத்திய கிழக்கிலும் இருக்கின்றனர். லயத்தில் முதியோரும் பேரப்பிள்ளைகளுமே எஞ்சுகின்றனர். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலையே சரிந்து லயங்களை மூடிற்று. ஆபத்து உண்டென்று முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம் அது. மாற்றுக் காணி இல்லாத மக்கள் அங்கேயே இருந்தனர்.

இவ்வளவும் நிகழ்ந்த பின்னரும், நம் பார்வைக்கு வரும் புதிய கதைகள் பலவற்றில் பிரட்டுக்களமும் அட்டைக்கடியும் கொடிய கங்காணியும் பழைய வரிசையிலேயே வருகின்றன. இவை பொய்யல்ல, ஆயினும் அரை நூற்றாண்டுக்கு முன் கண்டெடுத்த துயரத்தை முத்திரையாக்கி, அதனை ஒட்டினால் மலையகக் கதை ஆகிவிடும் என்று கருதுவது சோம்பலாகும். குறிஞ்சி என்று பாடும் இரசிகரும் இம்முத்திரையைக் குத்தும் எழுத்தாளரும் ஒரே இடத்தில் நிற்கின்றனர். இருவருக்கும் மலை அசையாப் பொருள். தோட்டத்தின் கீழே வயலுள்ள சிங்களக் கிராமத்தையும் இத்தகைய கதைகளிற் காண்பது அரிது. 1840இற் சேனையை இழந்தவனின் வழித்தோன்றலும், அச்சேனையில் தேயிலை நட்டவனின் வழித்தோன்றலும் ஒரே கடைவீதியிற் சந்திக்கின்றனர். எண்பதுகளிற் கொத்மலை நீர்த்தேக்கத்தில் தன் வயலை இழந்து மகாவலிக் குடியேற்றத்துக்குப் பெயர்ந்தவனும் அக்கிராமத்தவனே. இவ்விரு உழைப்பாளரையும் எதிரெதிராக நிறுத்தி இலாபமடைந்தோர் யாவர் என்பதைக் காட்டும் நாவலுக்கு இங்கே இடம் காலியாக உள்ளது.

பாலை என்பது தனியொரு நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே அது என்று இளங்கோவடிகள் கூறியுள்ளார். நிலம் மாறும் என்பது நம் மரபுக்குத் தெரியாத செய்தியன்று. திணையைக் கற்பிக்கும் ஆசிரியர் அவ்விடத்தையும் சேர்த்துக் கற்பித்து, மலையக மாணவரிடம் அவரவர் தோட்டத்தின் கதையைக் கேட்டெழுதி வரப் பணிக்கலாம்: அங்கு முன்பு எது விளைந்தது, யாருக்கு உரிமையாயிருந்தது, பாட்டனார் எவ்வழி வந்தார், அண்ணன் எங்கே வேலை செய்கிறான் என்று. 2015இன் பின் தனிவீட்டுத் திட்டத்திற் சில குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணி அளந்து கொடுக்கப்பட்டது. இருநூறு ஆண்டு உழைப்புக்குப் பின் ஒரு தாய் தன் பெயருள்ள உறுதிப்பத்திரத்தைப் பெறுகிறாள். அடுத்த லயத்தில் உள்ளவளோ இன்னும் காத்திருக்கிறாள். இவ்விருவரின் கதை நமக்கு இன்னும் கிட்டவில்லை. அது அம்மாணவருள் ஒருவரிடமிருந்து வரக்கூடும்.